மண்டபப் படியில் விழுந்தால் யாரைக் கேட்பது?

உளுந்தூர்பேட்டைப் பக்கம் நஷ்ட ஈடு வழக்கு யாருக்கும் புதிதல்ல. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் சேலம் சாலை வந்து சேரும் ஊர் இது. லாரி இடித்த கதையும் பஸ் கவிழ்ந்த கதையும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இருக்கும். எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு மனு) என்றால் என்னவென்று டீக்கடை பெஞ்சில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். வழக்கைக் கேட்கத் தனித் தீர்ப்பாயம். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம். சாலையில் விழுந்தவரைத் தாங்கிப் பிடிக்க இத்தனை ஏற்பாடு உண்டு.

அதே ஆள் கல்யாண மண்டபத்து மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. போதாக்குறைக்குச் சுற்றி நிற்கும் பத்துப் பேரும் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "பார்த்து இறங்கக் கூடாதா?" விழுந்தவரும் அதை நம்பிவிடுவார். கிரகம் சரியில்லை, வயசாகிவிட்டது, செருப்பு புதுசு என்று காரணங்களைத் தேடித் தேடித் தன் தலையிலேயே போட்டுக்கொள்வார். படி எப்படி இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு.

அண்மையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் தெரிந்த தம்பி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"அம்மா சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனாங்கண்ணே. மாடியில பந்தி. சாப்பிட்டு இறங்குறப்ப படியெல்லாம் தண்ணி. உருண்டு கீழ வந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். மண்டபத்துக்காரர் எட்டிக்கூடப் பாக்கல. கேஸ் போட முடியுமாண்ணே? போட்டா ஊர்ல சிரிப்பாங்களா?"

"போடலாம் தம்பி. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். டீயைக் குடிங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்" என்றேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. அடுத்தவர் இடத்தில் விழுந்து அடிபட்டால் இன்னது செய்ய வேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. இங்கிலாந்தில் 1957-இலேயே கட்டடம் வைத்திருப்பவரின் பொறுப்புக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. நம் நீதிமன்றங்கள் பழைய தீர்ப்புகளின் வழியே வந்த நெறிமுறைகளைக் கொண்டு நீதி சொல்கின்றன. அவற்றில் மூத்த ஒன்று 1866-ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பு. ஒரு சர்க்கரை ஆலையில் கேஸ் விளக்குக் குழாயைச் சோதிக்கப் போன தொழிலாளி, மேல் தளத்தில் தடுப்பு இல்லாமல் விட்டிருந்த திறப்பு வழியே கீழே விழுந்தார். சர்க்கரை மூட்டை ஏற்றி இறக்குவதற்கான திறப்பு அது. மூங்கில்துறைப்பட்டிலோ கச்சிராயபாளையத்திலோ சர்க்கரை ஆலையைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரம் கண்முன் வரும். வேலையின் பொருட்டு உள்ளே வரும் ஒருவரை, தனக்குத் தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய ஆபத்திலிருந்து காப்பது இடத்தை வைத்திருப்பவரின் கடமை என்றது நீதிமன்றம். 'தெரிந்திருக்க வேண்டிய' என்ற இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. "படியில் தண்ணீர் நின்றது எனக்குத் தெரியாது" என்று மண்டபத்துக்காரர் சொன்னால் போதாது. மாடியில் பந்தி நடந்தால் கை கழுவும் இடத்திலிருந்து தண்ணீர் படிக்கு வரும் என்பது மண்டபம் நடத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் மண்ணிலேயே நடந்த வழக்கு ஒன்று உண்டு. உளுந்தூர்பேட்டை அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் ஒரு சிறுபாலம் உடைந்து, அதன் மேல் போன பஸ் விழுந்து, பயணி ஒருவர் இறந்துபோனார். நாள்கணக்கில் பெய்த கனமழை, இது தெய்வச் செயல் என்று வாதாடியது நெடுஞ்சாலைத் துறை. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வேதாந்தாச்சாரியா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர் பெற்ற அந்த வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிச் சொன்னது. மழை பெய்யும் என்பது தெரிந்ததுதான், பாலம் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியது துறைதான், பார்த்தோம் என்று காட்டவேண்டியதும் துறைதான் என்பது தீர்ப்பின் சாரம். சிறுபாலத்துக்குச் சொன்ன நியாயம் மாடிப்படிக்கும் பொருந்தும்.

டில்லி சாந்தினி சௌக்கில் 1951-இல் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கும் இதே வகைதான். கட்டடத்துக்கு 80 வயது. அந்தக் காலத்துக் காரைக்கு ஆயுள் 40, 45 ஆண்டுகள்தான். 1966-இல் உச்ச நீதிமன்றம் நகராட்சியைப் பொறுப்பாக்கியது. பராமரிப்பு ஒழுங்காக இருந்தால் மணிக்கூண்டு தானாக விழாது. ஆகவே விழுந்ததே அலட்சியத்துக்குச் சான்று என்று எடுத்துக்கொண்டது.

"அப்ப நம்ம கேஸ் ஜெயிச்சிரும்ணே" என்று தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், கீழ் நீதிமன்றங்களில் கிடைத்த நஷ்ட ஈட்டை 1997-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நன்றாக நின்ற மரம் திடீரென்று விழுந்ததற்கு மாநகராட்சியின் கவனக்குறைவுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. விழுந்தது உண்மை, உயிர் போனதும் உண்மை. ஆனாலும் பணம் வரவில்லை. மணிக்கூண்டு தானாக விழாது. ஆனால் மனிதர் நல்ல படியிலும் தடுக்கி விழக்கூடும். அதனால் படியில் விழுந்த வழக்கில் 'படியில் இன்ன குறை, அந்தக் குறையால்தான் விழுந்தார்' என்று காட்டும் பாரம் விழுந்தவர் மேல்தான். வழக்கின் பலம் முழுக்க முதல் சில நாட்களில் கைக்கு வரும் ஆதாரத்தில் இருக்கிறது.

எனவே ஆதாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொன்னேன்.

படியைப் போட்டோ எடுங்கள். இரண்டு நாளில் மண்டபத்துக்காரர் ரப்பர் பட்டை ஒட்டிவிடுவார், கைப்பிடிக் கம்பி வைத்துவிடுவார். ஊருக்கு அது நல்லதே, ஆனால் உங்கள் சாட்சி போய்விடும். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, விழுந்த படிக்கு நேராக ஒன்று. லைட் எங்கே இருக்கிறது, எரிகிறதா என்பதும் தெரிய வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் டேப்பை வாங்கிக்கொண்டு போய் அளந்து, அந்த டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மண்டபம் போல மக்கள் கூடும் இடங்களில் கால் வைக்கும் அகலம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, படியின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் கணக்கில் 12 அங்குலம், 6 அங்குலம். வீட்டுப்படிக்குக் கொஞ்சம் சலுகை: 250-உம் 190-உம். மண்டபத்தை வீட்டுப்படிக் கணக்கில் கட்டியிருந்தால் அந்த டேப்பே சாட்சி சொல்லும். இன்னொன்று, எல்லாப் படியையும் அளக்க வேண்டும். கிரானைட் ஒட்டும்போது கடைசிப் படி ஒரு அங்குலம் கூடவோ குறையவோ போய்விடும். முந்தைய படிகளில் பழகிய கால் அந்த ஒன்றில்தான் ஏமாறும். படியின் முனையில் வழுக்காமல் இருக்கக் கோடு வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பளபளப்பான கிரானைட்டில் ரசம் சிந்தினால் என்ன ஆகும் என்று பந்தி பரிமாறும் பையன்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

கல்யாண வீட்டில் ஒரு வசதி உண்டு. வீடியோக்காரர் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி எடுத்திருப்பார். விழுந்தது பதிவாகியிருக்க வேண்டியதில்லை. அன்றைக்குப் படி ஈரமாக இருந்தது, கைப்பிடி இல்லை என்று ஓர் ஓரத்தில் தெரிந்தாலும் போதும். எடிட் செய்யாத பதிவை அவரிடம் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தின் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், ஆகவே 'இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும்' என்று உடனே ஒரு கடிதம் எழுதி ஒப்புகையோடு அனுப்புங்கள். போனில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடக் கூடாது. மின்னணுச் சாட்சிக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் இணைக்க வேண்டும். எடுத்த போனும் அதிலுள்ள மூலக் கோப்பும் இருந்தால் அது சுலபம். கல்யாணப் பத்திரிகையையும் எடுத்து வையுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் அச்சிலேயே நிரூபிக்கும் காகிதம் அது.

ஆஸ்பத்திரிக் காகிதம் இதைவிட முக்கியம். அரசு மருத்துவமனையில் 'எப்படி அடிபட்டது' என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். பதற்றத்தில் கூடப் போனவர் 'கீழே விழுந்துட்டாங்க' என்று மட்டும் சொல்வார். வழக்கு வந்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் விழுந்ததை மண்டபத்தின் மேல் போடுகிறார்கள் என்பார். 'இன்ன மண்டபத்தின் மாடிப்படியில், தண்ணீரில் வழுக்கி' என்று சொல்லிப் பதியவைக்க வேண்டும்.

இதில் நம் பக்கத்து வழக்கம் ஒன்று குறுக்கே வரும். எலும்பு முறிந்தால் பலர் நேரே கட்டுப் போடுகிறவரிடம் போவார்கள். அந்த வைத்தியத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் எக்ஸ்ரே இல்லை, தேதி போட்ட சீட்டு இல்லை, பில் இல்லை என்றால் முறிவு இருந்ததையே நிரூபிக்க முடியாமல் போகும். எங்கே கட்டுப் போட்டாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பதிந்துவிடுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவது நல்லது. அலட்சியத்தால் படுகாயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சம்ஹிதை 125-ஆம் பிரிவின் கீழ் குற்றம்தான். ஆனாலும் அந்த வழியில் பணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், தேதியோடு ஒரு பதிவு கிடைக்கும், அவ்வளவே. தாசில்தார் அலுவலகத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்படி மண்டபத்துக்கு உரிமம் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்றும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

"யார் மேலண்ணே போடறது? மண்டபம் ஒருத்தர் பேர்ல, நடத்துறவர் வேற ஒருத்தர்" என்றார் தம்பி. நல்ல கேள்வி. சட்டம் பத்திரத்தில் யார் பெயர் என்பதோடு, அந்த நேரத்தில் இடம் யார் கையில் இருந்தது, சரிசெய்யும் அதிகாரம் யாருக்கு என்றும் பார்க்கும். கைப்பிடி இல்லாதது சொந்தக்காரர் குற்றம். தண்ணீரைத் துடைக்க ஆள் போடாதது நடத்துகிறவர் குற்றம். இருவருக்கும் சேர்த்துத்தான் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 59 பேர் இறந்த டில்லி உபகார் தியேட்டர் தீ விபத்தில், 2011-இல் உச்ச நீதிமன்றம் நஷ்ட ஈட்டில் 85 சதவீதத்தைத் தியேட்டர்காரர் மேலும் 15 சதவீதத்தை மின்வாரியத்தின் மேலும் வைத்தது. பொறுப்பு இப்படிப் பிரியும். வாடகைக்கு விட்ட மாடி வீடு என்றால், 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுதுகளை வீட்டு உரிமையாளர் கணக்கில் வைத்திருக்கிறது. அம்மா போனைப் பார்த்துக்கொண்டே இறங்கியிருந்தால் அதற்கும் ஒரு பங்கு கழிப்பார்கள். பங்குதான் கழியும், வழக்கே போய்விடாது.

எங்கே போடுவது என்பதில் இரண்டு வழி. மண்டபம் காசு வாங்கிக்கொண்டு தரும் சேவை, ஆகவே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதற்குள் அலட்சியமும் அடங்கும். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாடகை கட்டியது மாப்பிள்ளை வீடுதானே, விருந்தாளி எப்படி நுகர்வோர் ஆவார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். காசு கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரையும் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. அந்த வரியை வைத்து வாதாடலாம். வாடகை ரசீது நகலை மாப்பிள்ளை வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று சிவில் கோர்ட். கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 2017-க்கு முன்னால் இது ஏழரையாக இருந்தது. படி எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனரை அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். விழுந்தது அரசு அலுவலகப் படி என்றால் வழக்குக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க முடியாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரயில்வே சட்டம் ஓடும் வண்டியிலிருந்து விழுபவருக்குத் தரும் நஷ்ட ஈடு நிலைய மேம்பாலப் படிக்குப் பொருந்தாது. கெடு விஷயத்தில் நான் ஒன்றே சொல்வேன்: வழக்கின் வகையைப் பொறுத்து அது மாறும். அரசு அமைப்பு சம்பந்தப்பட்டால் ஒரே வருடம் என்று வாதிடவும் இடம் உண்டு. உயிர் போயிருந்தால் இரண்டு வருடம். ஆகவே எந்த வகை என்று ஆராய்ந்துகொண்டு நிற்காமல் ஒரு வருடம் முடியுமுன் வழக்கைப் போட்டுவிடுங்கள்.

"வக்கீலுக்குக் குடுக்கப் பணமில்லண்ணே. ஒருத்தர், வர்ற பணத்துல பாதி குடுத்தா போதும்னார்" என்றார். நான் கப்பைக் கீழே வைத்துவிட்டேன். வெளிநாட்டில் அந்த வழக்கம் உண்டு. நம் நாட்டில் வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது என்று வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அப்படிக் கேட்கிறவர் பெரும்பாலும் இடைத்தரகர். அவரிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கதை முடிந்தது.

உளுந்தூர்பேட்டை நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் இலவசம், கோர்ட் கட்டணமும் குழுவின் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தம்பியின் அம்மாவுக்குப் பெண் என்ற ஒரு தகுதி போதும். கல்வராயன் மலையிலிருந்து சுமை தூக்க வந்து படியில் விழுகிற மலையாளிப் பழங்குடித் தொழிலாளிக்கும் அந்த உரிமை முழுசாக உண்டு. வேலையில் இருக்கும்போது விழுந்தால் முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்காமலே அவருக்குத் தொழிலாளர் நஷ்ட ஈடு தனி. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

எவ்வளவு கேட்கலாம்? மருந்துச் செலவு, போக்குவரத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் கூலி, இனிமேல் ஆகும் செலவு, வலி, இழந்த வருமானம். "அம்மா வீட்லதானண்ணே இருக்காங்க, வருமானம் என்ன?" என்றார். ஜாம்ஷெட்பூரில் 1989-இல் டாடா ஸ்டீல் விழாப் பந்தல் எரிந்த வழக்கில், இறந்துபோன இல்லத்தரசிகளின் வீட்டு வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் மதிப்புப் போட்டது. சமையல், மாடு, பேரப்பிள்ளை என்று அம்மா செய்ததையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். களை எடுக்கப் போகிறவர், நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பவர் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பேங்க் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நிரந்தர ஊனம் வந்தால் அதில் 2 லட்சம் வரை கிடைக்கும், யார் குற்றம் என்ற கேள்வியே அங்கே இல்லை.

கிளம்பும்போது தம்பி கடைசியாக ஒன்று கேட்டார். பேசி முடிக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம், மண்டபத்துக்காரர் கொஞ்சம் பணம் தந்தால் வாங்கலாமா என்று.

தாராளமாக வாங்கலாம். வழக்குப் போடுமுன்பே இரு தரப்பையும் சட்டப் பணிகள் குழு அழைத்துப் பேசவைக்கும். லோக் அதாலத்தில் முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். ஆனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. இடுப்பில் வைத்த தகடு ஒழுங்காகச் சேர்ந்ததா, இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர் சொல்லும் முன் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டால் பிறகு கேட்க வழியில்லை. இப்போதைக்குப் பணம் தந்தால், 'மருத்துவச் செலவுக்கு முன்பணமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். 'இனி எந்தப் பாத்தியமும் இல்லை' என்ற வரி இருந்தால், அதை அடிக்காமல் அம்மாவின் கைநாட்டை வைக்கவிடாதீர்கள்.